பீரோ மேல் ஏறிய குழந்தை இயேசு

"சுனாமி வந்தப்போ இயேசப்பா எங்கம்மா இருந்தாரு?"

கேட்டது என் ஐந்து வயது மகள் ஜெனி. நான் ஞாயிறுதோறும் கோவிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுப்பவள். பதில் தெரிந்திருக்க வேண்டாமா?

"நம்ம கூடத்தான்டா இருந்தாரு."

"அப்போ ஏன் தண்ணிய நிறுத்தல?"

"போய் ஹோம்வொர்க் பண்ணு" என்றேன். அரையாண்டு லீவில் ஏது ஹோம்வொர்க்!

போன வருடம், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், நாங்கள் மாடி வீட்டில் இருந்ததால் தப்பித்தோம். அதை அவள் மறக்கவில்லை... நான் மறந்துவிட்டேன் போலிருக்கிறது. இந்த வருடமும் வழக்கம்போல எங்கள் மாமல்லபுரம் கடற்கரையிலிருந்து ஒரு பை மணல் கொண்டுவந்து, ஹாலில் கொட்டி, கிறிஸ்துமஸ் குடில் கட்டினேன்.

கிறிஸ்துமஸ் முடிந்த மறு வாரம் எங்கள் வீட்டில் அன்பியக் கூட்டம். அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் முறை வைத்து வீடு வீடாகக் கூடி ஜெபிப்பது. எல்லோரும் குடில் முன் முழந்தாளிட்டோம். தீவனத் தொட்டி காலி!

"இன்னா டீச்சர், மாதா கீது, சூசையப்பர் கீறாரு, மாடுகூட ஷோக்கா கீது... கொயந்த எங்க?"

ஸ்டெல்லா அக்காதான். பக்கத்துக் குப்பம். அந்த அலையில் வீடு போய், இன்னும் தற்காலிக ஷெட்டில் இருக்கிறவர். எங்கள் அன்பியத்தில் பாட்டுக்கு அவர் குரல்தான் உச்சம்.

ஜெனி பீரோ மேலே கையைக் காட்டினாள். சூட்கேஸ்களுக்கு நடுவே, என் கர்சீப்பைப் போர்த்திக்கொண்டு குழந்தை இயேசு. நாற்காலி போட்டு ஏறியிருக்கிறாள்!

"தண்ணி வந்தா அவரால ஓட முடியாதுல்ல?"

அவள் வாயைப் பொத்தப் போனேன். அதுவும் ஸ்டெல்லா அக்கா முன்னாலா!

அக்கா சத்தமாகச் சிரித்தார். "அடி கில்லாடி! அவர மட்டும் மேல ஏத்திட்டா, கீய கீற நாங்க யாரக் கூப்புடுறது? அன்னிக்கு தென்னமரத்தக் கட்டிப் புட்ச்சிகினு அவரத்தான் கூப்ட்டுகினு இருந்தேன். நடுவுல நல்லா திட்டவும் திட்னேன்."

"வந்தாரா?"

"தெரில கண்ணு. மரம் சாயல."

ஜெனி யோசித்தாள். பாத்ரூமுக்கு ஓடினாள். பச்சை சோப்பு டப்பாவோடு வந்தாள். குழந்தை இயேசுவைக் கீழே இறக்கி, அதில் படுக்க வைத்து, டப்பாவை மாதாவின் கையோடு நூலால் கட்டினாள். படகாம்! மூடியை அக்காவிடம் நீட்டினாள்.

"இது உங்களுக்கு."

"இதுல என் கட்டவிரலுகூட உக்காராதுடி!" என்றபடியே அக்கா அதை மடியில் பத்திரப்படுத்திக்கொண்டு பாட்டை ஆரம்பித்தார். ஜெபம் என்னவோ சிரிப்பும் கண்ணீருமாகத்தான் நடந்தது.

இப்போது என் கவலை வேறு. ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் தீர்த்தம் தெளித்து, ஜெபித்து வீடு மந்திரிக்க வருகிறார். சோப்பு டப்பாவில் கிடக்கும் குழந்தை இயேசுவைப் பார்த்தால் என்ன நினைப்பார்? இரண்டு தடவை எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். "விடேன்" என்கிறார் கணவர். அவருக்கென்ன!

எடுக்கவா, விடவா? அந்த முதல் கேள்விக்கு, அக்கா மாதிரி நானும் "தெரியாது" என்றே சொல்லிவிடலாமா? மறைக்கல்வி டீச்சர் அப்படிச் சொல்லலாமா? உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்? எழுதுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம் — வீட்டில் வேறு சோப்பு டப்பா இல்லை.