பள்ளக்காணி மலையாகும் விதம்

அப்பா அக்காவுக்குச் சீதனமாகக் கொடுத்தது பள்ளக்காணி. ஒவ்வொரு மாரிக்கும் முற்றத்தில் வெள்ளம் நிற்கும். அப்பா இப்போது இல்லாதபடியால் அத்தான் என்னைத்தான் முறைப்பார். நான் புவியியல் படிப்பிக்கிறேன்; பள்ளங்களுக்கு நான் பொறுப்பில்லை.

போன மாரியில் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"நிலம் இரண்டு பக்கமும் இழுபட்டால் நடுவிலை வெடிச்சுத் தாழும், அத்தான். அந்தப் பள்ளத்திலை காலங்காலமா மண் நிரம்பும். பிறகு நெருக்குப்பட்டால், தாழ்ந்த அதே வெடிப்புகளாலை திரும்ப மேலை எழும்பும். கனக்க மலையள் முந்திப் பள்ளமாக் கிடந்ததுதான்."

அவர் சாரத்தை உயர்த்திப் பிடித்தபடி வெள்ளத்தில் நின்று யோசித்தார்.

"எவ்வளவு காலம் செல்லும்?"

"கோடிக்கணக்கான வருஷம்."

அது அவருக்குப் பெரிய தாமதமாகப் படவில்லை.

"நெருக்கினால் காணி ஒடுங்குமோ?"

"ஓம். இரண்டு பக்கத்தாலையும் நெருக்கித்தானே எழும்புறது. அகலம் குறையும்."

"அப்ப வேண்டாம்," என்றார். "பள்ளமாவே கிடக்கட்டும்."

பிறகு வெள்ளத்துக்குள்ளாலேயே நடந்துபோய், பக்கத்துக் காணிக்காரர்கள் எல்லையை ஏதும் உள்ளே அரக்கி நகர்த்திவிட்டார்களா என்று இரண்டு வேலிகளையும் ஆட்டிப் பார்த்தார்.