பஸ்ஸில் மாஸ்க்கைக் கழற்றிய அம்மா

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பேருந்து நிலையம் போகும் டவுன் பஸ்ஸில் நடந்தது இது.

நான் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறவள். வியாபாரம் சூடு பிடித்த சமயத்தில்தான் என் மூக்கோரம் மிளகு அளவில் கறுப்பாக ஒன்று முளைத்தது. மாவு வாங்க வருகிற பெண்களுக்குக் கேட்கவா வேண்டும்? “மூக்கோரம் மச்சம் வந்தா காசு தங்கும்க்கா, அதான் மாவு இந்தப் போடு போடுது” என்றார்கள். அது வளர வளர எனக்குப் பெருமையும் வளர்ந்தது. முகம் துடைத்தால் துண்டில் ரத்தம் ஒட்டும். பொருக்குத் தட்டும், உதிரும், மறுபடி கசியும். டாக்டரிடம் காட்டலாம் என்று கணவர் சொன்னபோதெல்லாம், “என் அதிர்ஷ்டத்து மேல உங்களுக்கு என்ன பொறாமை?” என்று வாயை அடைத்துவிடுவேன்.

அன்று பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா மாஸ்க் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் முகத்தையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு வந்தார். காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியதும் கேட்டேவிட்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இதுல ரத்தம் வருதா?”

தலையாட்டினேன்.

“சீக்கிரம் டாக்டர்கிட்ட காட்டிடுங்க. கேன்சரா இருக்கலாம்.”

எனக்குச் சுருக்கென்றது. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, கோயிலுக்குப் போய்விட்டு வருகிறவளிடம் பேசுகிற பேச்சா இது? எங்கள் குடும்பத்தில் அந்த வார்த்தையை யாரும் சொன்னதே கிடையாது. பெரியப்பாவுக்கு வந்தது வாய்ப்புண். அத்தைக்கு வந்தது மார்க்கட்டி. இருவரும் போய்ச் சேர்ந்த பிறகும் அது புண்ணும் கட்டியும்தான்.

“வாயைக் கழுவுங்க! இது மச்சம்” என்று கத்திவிட்டேன். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த அம்மா கோபப்படவில்லை. மெதுவாக மாஸ்க்கைக் கழற்றினார். மூக்கின் ஒரு பக்க மடலே இல்லை. வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டியிருந்தது நிறம் மாறி, கன்னத்தை இழுத்துப் பிடித்திருந்தது.

“எனக்கும் மச்சம்னுதாம்மா சொன்னாங்க. சந்தேகப்பட்டவங்களும், மனசு நோகுமேன்னு வார்த்தையை முழுங்கிட்டாங்க. மருமகன் முன்னாடிகூட நான் இதைக் கழட்டறதில்லை. நீங்க பார்க்கணும்னுதான்...”

பஸ்ஸே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சத்திரத்தில் இறங்கும்வரை விடவில்லை. பெயரைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாளே தில்லை நகரில் ஒரு தோல் டாக்டரிடம் போனோம். துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் அந்த டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. “தோல் புற்றுநோய்தாங்க. மெதுவா வளர்ற வகை, பெரும்பாலும் வேற எங்கேயும் பரவாது. ஆனா விட்டிருந்தா மூக்கையே அரிச்சிருக்கும். நல்ல நேரத்துல வந்தீங்க” என்றார். பயமாகத்தான் இருந்தது. ஆனால் இன்னதென்று தெரிந்த பிறகு அந்தப் பயத்துக்கு ஓர் அளவு இருந்தது.

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியைத் தேடினேன். கணவர் ஒளித்து வைத்திருந்தார். “எதுக்கு இப்ப கண்ணாடி? நான்தான் பார்க்கறேனே. அழகாத்தான் இருக்கே” என்றவர், கண் கலங்கி, அடுப்பில் பால் வைத்த மாதிரி சமையலறைக்குள் ஓடிவிட்டார். இத்தனை வருட வாழ்க்கையில் அவர் என்னை அழகென்று சொன்னது அன்றுதான்!

மாவு வியாபாரத்தை மறுபடி ஆரம்பித்தபோது, தையலைப் பார்த்து எல்லோரும் விசாரித்தார்கள். “சின்னக் கட்டி, எடுத்தாச்சு” என்று கணவர் சமாளித்தார். நான் உள்ளேயிருந்து வந்து, “தோல் கேன்சர்ங்க. சரியாப்போச்சு” என்றேன். மாவை வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். எல்லோரும் போன பிறகும் ஒரு பெண் மட்டும் பாத்திரத்தோடு நின்றாள்.

“அக்கா, எனக்கு மார்ல ஒரு கட்டி இருக்கு. வீட்டுல யார்கிட்டயும் சொல்லல” என்றாள்.

மறுநாள் கிரைண்டரை நிறுத்திவிட்டு அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எல்லாச் சோதனையும் முடிந்து, அது கேன்சர் இல்லை, சாதாரணக் கட்டிதான் என்று சொல்லும்வரை அவள் என் விரல்களை நசுக்கிக்கொண்டே இருந்தாள்.

சொந்த மருமகனுக்கே காட்டாத முகத்தை, தன்னிடம் கத்திய ஒருத்திக்காக டவுன் பஸ்ஸில் அத்தனை பேர் முன்னால் திறந்து காட்டினார் அந்த அம்மா. அதைவிடப் பெரிய அன்பை இனி எங்கே போய்ப் பார்க்கப் போகிறேன்?