மனை காட்டும் ஷாகுல்

என் பேத்தி நிகத்துக்குப் பார்த்த மாப்பிள்ளை ஷாகுல். கூடுவாஞ்சேரியில் மனை விற்கிற கம்பெனியில் வேலை. ஞாயிறுதோறும் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஆட்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய் மனை காட்டுவான். வேலை செய்கிற இடத்தில் ஆள் எப்படி என்று பார்க்காமல் பெண் கொடுப்பதாக இல்லை நான். மனை வாங்குகிறவள் மாதிரி ஒரு ஞாயிறு ஏறிவிட்டேன். என்னைக் கண்டதும் அவனுக்கு வேர்த்துவிட்டது.

வேனில் அவன் உட்காரவே இல்லை. முன் சீட்டில் ராஜகோபாலனும் அவர் மனைவி சுந்தரவல்லியும். அவர்களிடம், "பெருமாள் கோயில் பக்கத்துலயே மாமி, கார்த்தால மணிச் சத்தம் கேக்கும்" என்றான். பின்னால் அந்தோணிசாமியிடம், "சர்ச்சுக்கு நடந்தே போய்டலாம் பிரதர்." டிரைவரிடம், "இன்னா மச்சான், உருட்டிக்கினு போற? மிதி!" ஆளுக்கு ஆள் முகம்கூட மாறியது. எல்லாரும் அவனை ராஜா என்றே கூப்பிட்டார்கள். என் பக்கம் மட்டும் அவன் திரும்பவில்லை.

மனையில் இறங்கும்போது மதியம் லுஹர் தொழுகை நேரம். "தம்பி, தொழணும், கிப்லா எந்தப் பக்கம்?" என்று சத்தமாகவே கேட்டேன். மாமிக்குக் கிழக்கு வாசலைக் காட்டிக்கொண்டிருந்தவன், "மேற்கு அந்தப் பக்கம் மேடம்" என்றான்.

மேடமாம்! போன வாரம்தான் நிகத் கூப்பிடுகிற மாதிரியே நன்னி, நன்னி என்று என் கைச் சோறு தின்றான்.

தொழுது முடித்தேன். எல்லாரும் வேனில் ஏறியாயிற்று. நான் ஏறவில்லை.

"இவங்ககிட்ட உன் பேரைச் சொல்லு. அப்பத்தான் ஏறுவேன்."

"பேஜார் பண்ணாதீங்க நன்னி, வேலை போய்டும்" என்று கிசுகிசுத்தான்.

"என் பேத்தி வாழ்க்கைடா."

செல்போனை எடுத்தான், சட்டைப்பையில் போட்டான், மறுபடி எடுத்தான். பிறகு வேனைப் பார்த்து, "என் பேர் ஷாகுல் சார். ராஜான்றது கம்பெனியில வெச்சது" என்றான்.

"அதுக்கென்னப்பா, வண்டிய எடு. வெயில் கொளுத்தறது" என்றார் ராஜகோபாலன். சுந்தரவல்லி மட்டும் வழியெல்லாம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். தாம்பரத்தில் இறங்கும்போது, மனை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அவர்கள் போனதும் என்னிடம் கோபமாக வந்தான்.

"திருப்தியா நன்னி? நிகத்தைக் குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

"அவகிட்ட எந்த மாதிரி பேசுவே?"

நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"தெரியல. அவகிட்ட நான் இன்னும் பேசவே இல்லியே."

"அப்ப வூட்டுக்கு வந்து பேசு."

"அடுத்த வாரம் வரேன் நன்னி..."

"இன்னிக்கே. ஆட்டோவக் கூப்புடு."