திங்கட்கிழமை வராத செய்தி

பெரியதாழையில் இனிகோ அண்ணனைத் தெரியாதவர் கிடையாது. ஆளைத் தெரியாவிட்டாலும் குரலைத் தெரியும். காலை நான்கு மணிக்கு மாதா கோயில் மைக்கில் "கேளுங்க, கேளுங்க, கேளுங்க" என்று மூன்று தடவை சொல்லி, ஓர் இருமல் இருமி, அதற்கப்புறம்தான் விஷயத்துக்கு வருவார். "இன்னைக்குக் காத்து அம்பது கிலோமீட்டராம். பொண்டாட்டி பேச்சத்தான் கேக்கமாட்டிய, இதையாவது கேளுங்க" என்பார். பாதர் இரண்டு முறை கண்டித்தும் அந்தப் பொண்டாட்டி விஷயத்தை அவர் விடவில்லை.

ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடம் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனவர். கண் ஆபரேஷனுக்குப் பிறகு கடலுக்குப் போக வேண்டாம் என்று வீட்டில் அடம்பிடித்ததால் கரையில் மீன் ஏலம் கூவ நின்றுவிட்டார். வள்ளத்தைத் தம்பி வில்பிரட் ஓட்டினான். பாதி நாள் தம்பி வீட்டில்தான் அண்ணனுக்குச் சாப்பாடு. இரண்டு பேரும் சண்டை போட்டு யாரும் பார்த்ததில்லை. நான் காலேஜ் போன முதல் நாள் என் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வந்தவர் இனிகோ அண்ணன். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு நான் செய்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் குற்றம் புரியாது. தூத்துக்குடியில் பதினோரு பேர் உள்ள சின்ன சாப்ட்வேர் கம்பெனி. துறைமுகத்துக்கு வரும் லாரிகளுக்குப் புரோகிராம் எழுதுகிறோம். எழுதுகிறோம் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. எழுதுவது ஏஐ, நாங்கள் சரிபார்க்கிறோம். தேதி கணக்கிட, வரைபடம் காட்ட என்று யாரோ எழுதிவைத்த லைப்ரரிகள் ஆயிரம் உண்டு. அவற்றை எடுத்துப் பயன்படுத்துவோம். லைப்ரரி அடிக்கடி மாறும், கூடவே அதன் கையேடும் மாறும். ஏஐயோ என்றைக்கோ படித்த பழைய கையேட்டை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, துளி சந்தேகம் இல்லாமல் எழுதித் தள்ளும். அதனால் இன்றைய கையேட்டை எடுத்து அதன் கண் முன்னால் வைக்க வேண்டும். அதற்கொரு இணைப்பு இருக்கிறது. அந்த இணைப்பைப் பார்த்துக்கொள்வதுதான் என் பொறுப்பு. கையேடு வைக்காமல் யாராவது ஏஐயிடம் புரோகிராம் வாங்கினால் கடித்துக் குதறிவிடுவேன். ஆபீசில் எனக்குப் பெயரே கையேட்டு அக்கா.

ஊருக்கென்று ஒரு சின்ன ஆப் செய்து கொடுத்திருந்தேன். எங்கள் கடல் பக்கம் அன்றைக்குக் காற்று அளவுக்கு மீறும் என்று வானிலை அறிவிப்பு இருந்தால் விடியுமுன் மீனவர் சங்கத்துப் போனுக்கு மெசேஜ் போகும். அந்தப் போன் இனிகோ அண்ணன் கையில். அவர் மைக்கில் சொல்வார். மெசேஜ் வரவில்லை என்றால் போகலாம் என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை, பூசைக்குத்தான் போவார்கள். "தூங்குதது அந்த ஒரு நாளுதான், அன்னைக்கும் இந்தச் சனியன் கத்துது" என்று அண்ணன் சொன்னதால் ஞாயிறுக்கு மட்டும் மெசேஜை நிறுத்தி வைத்திருந்தேன்.

போன ஜூலையில் சங்கத்துக்குப் புதுப் போன் வாங்கினார்கள். அதில் ஆப் ஓடவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டில் உட்கார்ந்து ஏஐயிடம் புதிதாக எழுதச் சொன்னேன். என் சொந்த லேப்டாப்பில் கையேட்டு இணைப்பு இல்லை. வைக்கப் பத்து நிமிடம் ஆகும். நம்ம ஊர் ஆப்தானே என்று விட்டுவிட்டேன். கம்பெனிக்காரனின் லாரிக்குக் காட்டிய அக்கறையை என் ஊர் வள்ளத்துக்குக் காட்டவில்லை. சோம்பேறித்தனம், வேறென்ன?

தேதி லைப்ரரியின் பழைய வெர்ஷனில் ஞாயிறுக்கு எண் பூஜ்யம். புது வெர்ஷனில் வாரம் திங்களில் தொடங்குகிறது, திங்களுக்குத்தான் பூஜ்யம். ஏஐ பழைய கையேட்டின்படி "பூஜ்யம் என்றால் அனுப்பாதே" என்று எழுதியது. ஓடியது புது லைப்ரரி. கையேட்டில் இந்த மாற்றம் இரண்டாவது வரியிலேயே இருக்கிறது.

ஞாயிறு காலை இனிகோ அண்ணன் போன் செய்தார். இன்றைக்கு மெசேஜ் வராதே, ஏன் வந்திருக்கிறது என்று கேட்டார். நான் ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் இருந்தேன். புதுப் போன் இல்லையா, அப்படித்தான் இருக்கும், பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை. முப்பது வருடம் கடலைப் பார்த்த மனுஷன் ஏதோ சரியில்லை என்று சொல்லியும், படித்த நான் ரசத்துக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை மெசேஜ் வரவில்லை. நேற்று வந்தது இன்று வரவில்லை, காற்று இறங்கிவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். விடியும்போது கடலும் அமைதியாகத்தான் இருந்ததாம். பன்னிரண்டு வள்ளம் போனது. ஒன்பது மணிக்கு மேற்கேயிருந்து கச்சான் காற்று எடுத்து அடித்தது. பதினொரு வள்ளம் எப்படியோ கரையேறிவிட்டது. வில்பிரட்டின் வள்ளம் கரைக்குப் பக்கத்தில் அலையில் புரண்டு, எஞ்சின் அவன் முழங்காலில் விழுந்தது. உயிர் பிழைத்தான். கால் இனி மடங்காது, கடலுக்குப் போக முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து சங்கத் தலைவர் பால்துரை அண்ணாச்சி எனக்குப் போன் போட்டார். காலையில் ஆப் மெசேஜ் அனுப்பியிருந்ததா என்று கேட்டார். "எப்பவும் போல போயிருக்கும், அண்ணாச்சி" என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் தானாகச் சொன்னது. ஒரு மணி நேரத்தில் லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். பூஜ்யம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடத்தில் திருத்தினேன். அண்ணாச்சியைத் திருப்பிக் கூப்பிடவில்லை.

அதற்குள் ஊர் முடிவு செய்துவிட்டது. மெசேஜ் போயிருக்கிறது, இனிகோதான் பார்க்கவில்லை. பழைய போனில் இடம் இல்லை என்று மெசேஜ்களை அழித்து அழித்து அவருக்கு அதுவே பழக்கமாகிவிட்டது எல்லாருக்கும் தெரியும். அவரும் மறுக்கவில்லை. தம்பியின் கட்டில் பக்கத்தில் நின்று, வந்ததை நான்தான் அழித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கு வில்பிரட் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மைக் வேறு கைக்குப் போனது. ஏலத்துக்கும் அவர் போகவில்லை. தினமும் சாயங்காலம் தம்பி வீட்டு வாசலில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறார் என்று அம்மா போனில் சொல்லுவாள். "பாவமா இருக்கு, ஆனா அவன் செஞ்சது தப்புதான?" என்பாள். நான் ம் கொட்டுவேன். அந்த ம் கொட்டிய வாயைக் கிழிக்க வேண்டும்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கையேட்டு இணைப்பு ஏன் முக்கியம் என்று வகுப்பு எடுத்தேன். உதாரணத்துக்கு இந்தத் தப்பையே சொன்னேன், ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் இல்லாமல். ஞாயிறு திங்களாகிப்போன கதை என்று நானே சிரித்துச் சொன்னேன், அவர்களும் சிரித்தார்கள். ஜெயபிரியா என்ற பெண் மட்டும் சிரிக்காமல், "யாருக்காச்சும் ஏதாச்சும் ஆச்சாக்கா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றேன். இரண்டாவது பொய். இது யோசித்துச் சொன்னது.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். இனிகோ அண்ணன் வீட்டு முற்றத்தில் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். என்னைப் பார்த்ததும் எப்ப வந்த, சாப்பிட்டியா என்று விசாரித்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். லைப்ரரி, கையேடு என்று எதையோ உளறினேன். அவருக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை.

"அப்ப மெசேஜ் வரவே இல்லையா?"

"வரல அண்ணே."

மறுபடியும் அதையே கேட்டார். மறுபடியும் சொன்னேன். எண்ணெய்க் கையோடு தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் பாத்தேனே ஏளா. செவப்பு எழுத்துல வந்துச்சே. என் வெரலுதான் அழிச்சிச்சி. இப்பவும் கண்ணு முன்னால நிக்குதே."

வராத மெசேஜை நாலு மாதமாகத் தினமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் படத்தை அவர் கண்ணுக்குள் வைத்தது நான். என்னால் அழக்கூட முடியவில்லை, அதற்கும் ஒரு யோக்கியதை வேண்டும்.

அவர் எழுந்து கையைக்கூடக் கழுவாமல் வா என்றார். வில்பிரட் வீடு நாலு வீடு தள்ளி. அவன் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். வாசலில் அண்ணனைக் கண்டதும் கதவைச் சாத்தச் சொல்லி மனைவியிடம் கை காட்டினான். நான் குறுக்கே புகுந்துபோய்ச் சொன்னேன். இந்தத் தடவை லைப்ரரியைச் சொல்லவில்லை. மெசேஜ் போகவில்லை, தப்பு என்னுடையது, உங்கள் அண்ணன் எதையும் அழிக்கவில்லை என்று மட்டும் சொன்னேன்.

வில்பிரட் என்னையே பார்த்தான்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"அன்னைக்கே."

அவன் தன் காலைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற அண்ணனைப் பார்த்தான்.

"தப்பா எழுதிட்ட, சரி. கை தவறாதவன் எவன் இருக்கான்? கால் போனது போவட்டும். நாலு மாசமா இவன் வந்து நிக்கான், நான் கதவச் சாத்துதேன். ஒரு நா மழையில நின்னான், அன்னைக்கும் சாத்துனேன். அத நான் எங்கன கொண்டு கழுவ? சொல்லு."

இனிகோ அண்ணன் உள்ளே வந்தார், தம்பியின் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

"விடுல" என்றார். "அவளா வந்து சொன்னாள்லா."

ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நின்றிருப்பேன். செருப்பைக்கூடப் போடாமல் வெளியே ஓடி வந்துவிட்டேன்.