மெல்ல ஏறிய தண்ணீர்

மாமா கட்டாரிலிருந்து திரும்பி வந்தபோது எல்லோரும் கம்பளியையும் சென்ட் போத்தலையும் எதிர்பார்த்தார்கள். அவர் பையிலிருந்து முதலில் எடுத்தது உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. வாப்பா அதை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். அது போன் இல்லை, அதில் யாரோடும் கதைக்க ஏலாது என்று மாமா சொன்னதும், வாப்பாவுக்கு அதிலிருந்த அக்கறை போய்விட்டது.

அது கையில் வைத்துப் பாவிக்கிற கம்ப்யூட்டராம். மாமா வேலை செய்த கந்தோரில் பெரியவர் ஒருவர் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு இந்தப் பழையதை இவரிடம் கொடுத்துவிட்டார். ஓரமெல்லாம் கீறல். கீழே நான்கு பொத்தான்கள், நடுவில் வட்டமாக ஒன்று. பக்கத்துத் துளைக்குள் ஈர்க்குத் துண்டு போல ஒரு பிளாஸ்டிக் பேனா சொருகிக் கிடந்தது.

கடல் ஊருக்குள் வந்து இரண்டு வருசம் கடந்திருந்தது. நாங்கள் கல்முனைக்கு உள்பக்கமாக, தகரக் கூரை போட்ட பலகைக் கொட்டிலில் இருந்தோம். எனக்குப் பதினொரு வயது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோயிருந்தது. யாராவது வந்தால் மறைப்புச் சீலைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அங்கே நின்று கேட்டவைதான் எனக்கு அந்தக் காலத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம்.

கடற்கரையில் எங்கள் வீடு இருந்த வளவு உம்மாவுக்குச் சீதனமாக வந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான்; மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். அந்த வளவில் மறுபடியும் ஒரு வீடு எழும்பினால்தான் எனக்கு மூத்தவரான ராத்தாவுக்குக் கலியாணம். பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் பொறுமையாகத்தான் இருந்தார்கள். பொறுமையாக இருக்கிறோம் என்பதை அடிக்கடி ஆள் அனுப்பிச் சொல்லியும் வந்தார்கள். வீடு கட்டித்தர உதவிக்காரர்கள் ஆயத்தம். வளவுக்குச் சொந்தக்காரி வந்து, இன்ன இடத்தில் அத்திவாரம் வெட்டுங்கள் என்று காட்டினால் போதும்.

சொந்தக்காரி போகவில்லை. வாப்பா கேட்டால் உம்மா வெங்காயம் உரிப்பார். மறுபடி கேட்டால் உரித்த வெங்காயத்தை மறுபடி கழுவுவார்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். கடல் வந்த அன்று காலை உம்மா என் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார். பிறகு ராத்தாவின் கலியாணத்துக்கென்று வைத்திருந்த நகைப் பெட்டியை எடுக்க அவனோடு திரும்பிப் போனார். தண்ணீர் அப்போதுதான் வந்தது. உம்மா ஒரு தென்னையில் சிக்கித் தப்பினார். தம்பி கிடைக்கவில்லை. பைப்படியில் பெண்கள், “நகைக்குத்தானே திரும்பினவ” என்று கதைத்ததை நானே கேட்டிருக்கிறேன். உம்மாவும் கேட்டார். கேட்காதவர் போல வாளியை நிரப்பிக்கொண்டு வந்தார்.

மாமா உம்மாவின் தம்பி. கட்டாருக்குப் போவதற்கு முன் டவுனில் ஒரு கடைக்கு மேலே கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தியவர். அந்தக் கம்ப்யூட்டர்களில் படிப்பித்ததைவிட, அவற்றில் இருந்த பழைய கேம்களை விளையாடியதே அதிகம் என்று வாப்பா சொல்வார். இப்போது அந்தக் கேம்களை இந்தச் சின்னப் பெட்டியில் ஓடவைக்கப் போவதாக மாமா பாயில் உட்கார்ந்துவிட்டார்.

“இதுக்குள்ள பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கிற ஒரு புரோகிராம் இரிக்கி” என்று எனக்கு விளக்கினார்.

“அப்ப பொய்க் கம்ப்யூட்டரா மாமா?”

“ஓம். பொய்க் கம்ப்யூட்டர்தான். ஆனா கேம் அத நம்பிரும்.”

கேம் இலேசில் நம்பவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரும், ஒரு கோடு கண்ணை மூடி மூடித் திறக்கும், அதோடு நின்றுவிடும். இந்தப் பெட்டிக்குச் சக்தி காணாது, நடிப்பதற்கே பாதி போய்விடுகிறது என்றார் மாமா. சத்தத்தை நிறுத்தினார். படத்தில் சிலதைத் தாண்டிப் போகும்படி பெட்டிக்குச் சொன்னார். “துரைக்கு உத்தியோகம்” என்று வாப்பா அவரைத் தாண்டித் தாண்டிப் போனார். ஒருநாள் பின்னேரம் மாமா, “ஓடுது! கேம் ஓடுது!” என்று போட்ட சத்தத்தில் பக்கத்துக் கொட்டில்காரர்கள் ஓடி வந்தார்கள். பாம்பு என்று நினைத்து ஒருவர் உலக்கையோடு வந்தார்.

ஓடியது இதுதான். ஒரு ஆழமான சுரங்கம். அடியில் ஒரு சின்ன மனுசன். மேலே போக ஏணிகள், பக்கவாட்டில் பொந்துகள், பொந்துகளில் தங்கம். திரையில் கறுப்பு, வெள்ளை, வெளிர் நீலம், ரோசா என்று நான்கு நிறம்தான் இருந்தது. ஆகவே தங்கமும் ரோசா நிறம். கீழேயிருந்து வெளிர் நீலத்தில் தண்ணீர் ஏறி வரும். அது பிடிப்பதற்குள் மனுசன் தங்கத்தைப் பொறுக்கிக்கொண்டு உச்சியிலிருக்கும் கதவுக்குப் போய்விட வேண்டும். ராத்தா முதலில் விளையாடினார். தண்ணீர் சடாரென்று ஏறி மனுசனை மூடியது. எல்லோரும் சிரித்தோம். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த உம்மா வெளியே போய்விட்டார். சோறு அடிப்பிடித்த மணம் வந்த பிறகுதான் அவர் இல்லை என்று தெரிந்தது. மாமா மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கேம் மெதுவாகிவிட்டது. மனுசன் ஒரு காலை எடுத்து வைத்து, யோசித்து, அடுத்த காலை வைத்தான். தண்ணீரும் அப்படியே, பானையில் ஊறுகிற அரிசி போலப் பொறுமையாக ஏறியது.

“என்ன மாமா இது, நடக்க ஏலாதவன் மாதிரி?”

“பெட்டரி பழசு புள்ள. மிசினுக்கு மூச்சு வாங்குது.”

நான் நம்பினேன். அந்தக் கேமைப் போல நானும் எதையும் நம்புகிறவள்தான்.

ஒரு பகலில் மாமா அதைப் பாயில் வைத்துவிட்டு வெளியே போனார். திரும்பி வந்து பார்த்தால் அது உம்மாவின் கையில் இருந்தது. உம்மா பொத்தானை அமர்த்துவது மிளகாய்ப் பழத்தில் விதை எடுப்பது போல இருந்தது. மனுசன் ஏணியேறினான். பொந்துப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. உச்சிக் கதவைத் திறந்து போய்விட்டான். அடுத்த சுரங்கம். அதிலும் அப்படியே.

“தங்கத்த எடுங்க உம்மா! எடுத்தாத்தான் புள்ளி தருவான்” என்றேன்.

“அவன் ஏறட்டும்.”

“தண்ணி இன்னும் கீழதானே கிடக்கு. ஒண்ட எடுத்தா என்ன?”

“கதைக்காத மகள். அவன் ஏறட்டும்.”

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் உம்மா விளையாடினார். ஒரு தடவையும் மனுசன் தண்ணீரில் அகப்படவில்லை. எல்லாச் சுரங்கமும் முடிந்து கடைசியில் பெயரும் புள்ளியும் காட்டும் இடத்தில் உம்மாவுக்கு எப்போதும் சைபர். எனக்கு அது பெரிய வெட்கமாக இருந்தது.

மிசினைச் சார்ஜ் பண்ண மாமா அதை டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோவார். சண்டை வடக்கே நடந்துகொண்டிருந்தாலும் எங்கள் தெருக்களிலும் சோதனைச் சாவடிகள் கூடியிருந்தன. ஒருநாள் பஸ்ஸை மறித்த ஆமிக்காரன் ஒருவன், இது என்ன என்று கேட்டிருக்கிறான். மாமா கேமைப் போட்டுக் காட்டியிருக்கிறார். அவன் துவக்கைத் தோளில் மாட்டிவிட்டு விளையாடத் தொடங்கிவிட்டான். மனுசன் ஏறுகிறான், ஏறுகிறான், முடிவதாக இல்லை. சோதனைக்கு இறக்கிய சனமெல்லாம் அவனைச் சுற்றி நின்று, “இடப்பக்கம் போ, இடப்பக்கம்” என்று தமிழில் புத்தி சொன்னார்களாம். கொண்டக்டர், “மாஸ்டர், ஒங்கட ஆள் மேல போய்ச் சேருறதுக்குள்ள எங்களுக்கு லுஹர் தொழுகை தப்பிரும்” என்றாராம். மாமா இதைச் சொல்லிக் காட்டியபோது உம்மா சிரித்தார். சத்தம் வராத சிரிப்புத்தான். ஆனாலும் வாப்பா சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு வாப்பா அன்று மறுபடியும் வளவுக் கதையை எடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்க்கிறார்களாம், இந்த மாதத்துக்குள் அத்திவாரம் வெட்டாவிட்டால் அவ்வளவுதானாம். மறைப்புக்குப் பின்னால் என் பக்கத்தில் ராத்தா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். உம்மா எழுந்துபோய் வெங்காயம் எடுத்தார்.

சம்மாந்துறையிலிருந்து பெரியம்மாவின் மகன் வந்தது அதற்குப் பிந்திய வெள்ளிக்கிழமை. உயர்தரம் படிக்கிறவர், அண்ணன் முறை, நாங்கள் காக்கா என்று கூப்பிடுவோம். கையில் பேனை இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. மாமா பேக்கரிக்குப் பாண் வாங்கப் போயிருந்த நேரம், மிசினை எடுத்துப் பார்த்தார்.

“என்ன இது, தூங்குது?”

“பெட்டரி பழசு காக்கா” என்றேன், மறைப்புக்குப் பின்னாலிருந்து.

பேனாக் குச்சியால் அங்கே இங்கே தட்டினார். “பெட்டரிக்கு ஒண்டுமில்ல. ஆரோ வேணுமெண்டே வேகத்த இறக்கி வெச்சிரிக்காங்க. இந்தா, ஏத்தியாச்சி. சாச்சி, இப்ப விளையாடிப் பாருங்க, பறக்கும்!”

உம்மா வாங்கினார். மனுசன் ஓடினான். வழக்கம்போல நேராக ஏணிக்குப் போனான். தங்கத்தின் பக்கம் திரும்பவில்லை. இரண்டாவது ஏணியில் கால் வைப்பதற்குள் தண்ணீர் மூடிவிட்டது.

உம்மா மறுபடி தொடங்கினார். மறுபடியும் மூடியது.

“கெதியா ஏறுங்க சாச்சி!”

“குடுங்க உம்மா, நான் காட்டுறன்” என்றார் ராத்தா. உம்மா கொடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அதையே செய்தார். நேரே ஏணி, நேரே மேலே, பிறகு வெளிர் நீலம்.

மாமா பாணோடு உள்ளே வந்தார். திரையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

“ஆர்டா இதத் தொட்டது?” காக்கா பதில் சொல்வதற்குள் மாமா மிசினைப் பறிக்கக் கையை நீட்டினார். உம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“இரி தம்பி. இதுதான் இதிட மெய்யான வேகமா?”

“ஓம் ராத்தா.” உம்மா அவருக்கு ராத்தா.

“நீதான் இறக்கி வெச்சாயா?”

மாமா தலையைக் குனிந்துகொண்டார். உம்மா மனுசனை இன்னுமொரு தடவை ஏற்றினார். தண்ணீர் மூடியதும் திரையை மாமாவின் பக்கம் திருப்பினார்.

“இப்ப நான் தங்கம் ஒண்டும் எடுக்கல்லதானே?”

“இல்ல.”

“எங்கயும் நிக்கல்லதானே? திரும்பல்லதானே?”

“இல்ல ராத்தா. நேராத்தான் ஏறினீங்க.”

“ஆனாலும் ஏலாமப் போயித்து” என்றார் உம்மா. மறுபடி ஒரு தடவை மெதுவாகச் சொன்னார். “நேர ஏறினாலும் ஏலாதுதான்.”

மாமா பாண் பையைப் பிடித்தபடியே அழுதார். அவருடைய மெதுவாக்கும் வேலையைக் காக்கா கண்டுபிடித்துவிட்டாரே, அந்த வெட்கம் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலையில் உம்மா ஹபாயாவைப் போட்டுக்கொண்டு வாப்பாவின் முன்னால் வந்து நின்றார். “வளவப் பார்த்திட்டு வருவம்” என்றார். வாப்பா அவசரத்தில் மாமாவின் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். அது அவருக்குச் சின்னது. வழிநெடுகக் குதிக்கால் வெளியே தொங்க நடந்தார். திரும்பிப் போய் மாற்றிக்கொண்டு வரப் பயந்தார் என்று நினைக்கிறேன். நானும் ராத்தாவும் பின்னால் போனோம்.

வளவில் கிணறும் வாசற்படி இரண்டும் மட்டும் இருந்தன. வாப்பா வழியில் ஆள் அனுப்பிக் கூப்பிட்ட, வீடு கட்டுகிற மேசன் எங்களுக்கு முன்னமே வந்து கயிறும் கட்டையுமாக நின்றார். வேலை எப்படியோ இழுபட்டு, சண்டை முடிந்த வருசம்தான் ராத்தா அந்த வீட்டில் மணப்பெண்ணாக உட்கார்ந்தார், அதே மாப்பிள்ளைதான். ஆனால் அன்றே உம்மா, கட்டி முடிந்த வீட்டைப் பார்ப்பவர் போலத்தான் மணலில் நடந்தார். முதலில் படியில் சற்று நேரம் நின்றார். கடலைப் பார்த்தார். அது அன்று ஒன்றுமறியாதது போலக் கிடந்தது. பிறகு காலால் கோடு கீறினார்.

“குசினி இஞ்ச வரட்டும். யன்னல் கடலப் பார்க்க இரிக்கட்டும்.”

“காத்து வந்து அடுப்ப அணைச்சிரும் உம்மா” என்றார் மேசன்.

“அணைஞ்சா மூட்டுவம்.”

ராத்தா கிணற்றுக் கட்டில் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. விளையாட்டில் அத்தனை தடவை தோற்ற கவலையை மறக்கத்தான் உம்மா இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். பாவமாக இருந்தது. மெல்லப் பக்கத்தில் போய், “மாமாட்டச் சொல்லி அத மறுகா மெல்ல ஓட வெச்சித் தரச் சொல்லட்டா உம்மா?” என்று கேட்டேன்.

உம்மா குனிந்து என் முந்தானையைச் சரிசெய்துவிட்டார்.

“வேணாம் மகள்” என்றார். “அது அப்படியே ஓடட்டும்.”

வெல்ல வழி இருக்கும்போது ஏன் வேண்டாம் என்கிறார் என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.