முதலாளிக்கு எடுத்து வைத்த தட்டு

என்னோடு இறைச்சி ரோல்ஸ் சுற்றும் ஃபக்டரியில் வேலை செய்த பெண் ஒரு இலோக்கானோ. பிலிப்பைன்சின் வடக்குக் கரை. அந்த ஆட்கள் வருடத்துக்கு ஒருமுறை டோர்செட் பார்க் பகுதியில் மண்டபம் எடுத்துத் தங்கள் மாகாண விழாவைக் கொண்டாடுவார்கள். போன கோடையில் என்னையும் கூப்பிட்டாள். ‘மனோங்’ என்றுதான் கூப்பிடுவாள். அவர்களுடைய பாஷையில் அண்ணன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். எந்த ஊரிலும் இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. அவள் இந்த நாட்டிலேயே இருந்துவிட ஆசைப்பட்டாள். அவளுடைய வேர்க் பெர்மிட் விழாவுக்கு அடுத்து வரும் வியாழக்கிழமையோடு முடிய இருந்தது. நீட்டிக்க எங்கள் முதலாளியின் கடிதம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு வரும்போது கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார்.

அவருக்கென்று முதலிலேயே ஒரு தட்டு எடுத்து வைத்தாள். பாகற்காய், கத்தரிக்காய், வெண்டிக்காய் போட்டு, புளித்த மீன்சாறு விட்டு அவித்த கறி. மூலை மேசையில் செத்தவர்களுக்கு இன்னொரு தட்டு: சோறு, முட்டை, ஒரு சிகரெட்.

பஞ்சு அடிப்பதுபோல இரண்டு கையிலும் தடி பிடித்து அவளும் மற்றப் பெண்களும் ஆடினார்கள். அவளுடைய கண் வாசலிலேயே இருந்தது. இரண்டு இடத்தில் அடி தவறியது. நான் வெளியே போய் முதலாளிக்கு ஃபோன் எடுத்தேன்.

“அண்ணை, எங்க நிக்கிறியள்? பிள்ளை பாத்துக்கொண்டு நிக்குது.”

“ஸ்ரௌவ்வில் பக்கம் ஒருத்தற்ற புதுவீட்டுக் குடிபூரல். வாறன், நீங்கள் துவங்குங்கோ.”

“கடிதம்?”

“ஓம், ஓம். உமக்கேன் அந்தரம்? நீரென்ன மாப்பிள்ளையோ?”

எங்கள் ஆட்களின் ‘வாறன்’ எனக்குத் தெரியும். ஆனால் அவள் கேட்டபோது, வருகிறாராம் என்றேன். தட்டு ஆறாமல் இருக்க இன்னொரு ஃபொயில் சுற்றினாள்.

ஐந்து மணிக்குக் கதிரைகளை அடுக்கிவிட்டு மண்டபத்தைக் கொடுத்தோம்.

திங்கட்கிழமை தட்டைச் சூடாக்கி அவரிடம் கொண்டுபோனாள். நானும் கூடப் போனேன். அவர் முழுவதையும் சாப்பிட்டார்.

“கைக்குது. எண்டாலும் நல்லாத்தான் இருக்கு,” என்று தமிழில் என்னிடம் சொன்னார். “கடிதம் அடுத்த கிழமை பாப்பம் எண்டு சொல்லும்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். இந்த முறை உள்ளதைச் சொன்னேன்: கடிதம் வராது.

வெறுந்தட்டை வாங்கிக் கழுவிவிட்டு ரோல்ஸ் மேசைக்குப் போனாள். புதன்கிழமை வரை வந்தாள். வெள்ளிக்கிழமை அந்த இடத்தில் வேறொருத்தி நின்றாள். ரோல்ஸ் சுற்றப் பழக்கிவிடச் சொன்னார் முதலாளி. பழக்கினேன்.