முதலில் உப்பு

மரக்காணத்தில் வளர்ந்தவன் என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டே, 2005 கோடையில், உப்புப் பாத்தியில் ஷூ காலை வைத்து முழங்கால்வரை புதைந்துபோனேன். ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று வந்த ஊர் விடுவதாக இல்லை.

கருஞ்சேற்றின் நாற்றம் மூக்கில் ஏறியதும் எனக்கு ஏழு வயதாகிவிட்டது. அன்றும் இப்படித்தான் மாட்டிக்கொண்டு அலறினேன். வரப்பில் நின்ற அப்பா, "டேய், ஆடாத! சேறு கலங்கினா உப்பு கருத்துடும்" என்று கத்தினார். பாத்தி உப்பு முழுவதையும் ஆட்கள் நிதானமாக வாரி வரப்பில் குவித்த பிறகுதான் என்னை இழுத்தார்கள். அதற்குள் அப்பாவுக்கு நான் வேண்டாம் என்றே முடிவுகட்டியிருந்தேன்.

"சார், ஆடாதீங்க!" உப்பு வாரும் பலகையோடு ஒரு பெண் வந்தாள். "உப்ப வாரிட்டு உங்களத் தூக்குறோம்."

திரும்பும் பஸ்ஸில் இந்த அநியாயத்தைச் சொல்லிப் புலம்பினேன்.

"உப்பையாவது விக்கலாங்க" என்றாள் மனைவி.